எடுக்காத ரத்தம்

ஜூன் 3, செவ்வாய்

காலையில் கண் விழித்ததும் நான் செய்கிற முதல் வேலை, வலது கை விரல்களை இடது முழங்கைக்கு மேலே வைத்துப் பார்ப்பது. டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக அங்கே இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். ஃபிஸ்டுலா என்று பெயர். தொட்டால் உள்ளே கிர்ரென்று ஓடிக்கொண்டே இருக்கும். மிக்சி ஓடும்போது சமையல் மேடையில் கை வைத்தால் தெரியுமே, அந்த மாதிரி. அது ஓடினால் எனக்கு அந்த வாரம் உண்டு.

இன்று ஓடவில்லை.

விரலை மேலே கீழே நகர்த்திப் பார்த்தேன். கையை உதறிப் பார்த்தேன். இவரை எழுப்பினேன். இவர் தூக்கக் கலக்கத்தில் காதை வைத்துக் கேட்டார், மின்கம்பத்தில் காது வைப்பவர் மாதிரி. முப்பது வருஷமாக மின்வாரியத்தில் வயர்மேன். கரண்ட் இருக்கிறதா இல்லையா என்று சொல்வதுதான் இவர் தொழில். தலையை நிமிர்த்தியபோது முகம் வெளுத்திருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இது இரண்டாவது. முதலில் மணிக்கட்டில் வைத்ததும் இப்படித்தான் போனது. ராத்திரி நன்றாக இருந்தது, விடிந்தால் கட்டை.

டயாலிசிஸ் சென்டரில் டெக்னீசியன் ஜெபராஜ் தொட்டுப் பார்த்துவிட்டு, கையை மடக்கி வைத்துத் தூங்கிவிட்டீர்களா அக்கா என்று கேட்டான். சர்ஜன் அதையே கேட்டார். டோக்கன் போடுகிற பெண்ணும் கேட்டாள். கையைத் தனித் தலையணையில் மகாராணி மாதிரிப் படுக்கவைத்துவிட்டு ஓரமாகச் சுருண்டு கிடப்பவள் நான். சொன்னால் யார் நம்புகிறார்கள்.

உள்ளே ரத்தம் உறைந்துவிட்டதாம். எடுக்க முடியவில்லை. சாயங்காலம் கழுத்தில் குழாய் போட்டுவிட்டார்கள். ஆகஸ்டில் மதுரையில் இவருடைய கிட்னியை எனக்கு வைப்பதாகப் பேச்சு. அதுவரைக்கும் இந்தக் குழாய் தாங்க வேண்டும்.

ஜூன் 5, வியாழன்

மைனி போன் செய்தார். இவருடைய அக்கா, உலகம்மாள். சாத்தூரில் இருந்துகொண்டே எங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று நேரில் பார்த்தவர் போலப் பேசுவார். தண்ணீர்க் குடம் தூக்கினாயா, கிரைண்டர் கல்லைத் தூக்கினாயா, வளையல் போட்டாயா என்று வரிசையாக விசாரணை. நான் எதுவுமே செய்யவில்லை என்றேன். "ஒண்ணும் செய்யாமலா ஒண்ணு ஆகும், ஆவுட?" என்று என் பெயரை இழுத்துக் கேட்டார்.

இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. வேறு விஷயத்துக்கு, வேறு வயதில், இதே குரலில் கேட்டிருக்கிறேன். அதை இங்கே எழுதப்போவதில்லை.

நான் வீட்டிலிருந்தே பிழை திருத்திக் கொடுக்கிற பிரஸ்ஸிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை ப்ரூஃப் வந்தது. மாப்பிள்ளையின் தாத்தா பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' போட்டிருந்தார்கள். போன் செய்து கேட்டால் பெரியவர் உயிரோடுதான் இருக்கிறாராம். எடுக்கச் சொன்னேன். இன்று ஒருவரைப் பிழைக்கவைத்த திருப்தி.

ஜூன் 7, சனி

டயாலிசிஸ். ஒரு நாள் முழுவதற்கும் ஒரு லிட்டர் தண்ணீர்தான் குடிக்கலாம், மாம்பழம் கூடவே கூடாது. தெருவில் மாம்பழ வண்டிக்காரன் நான் இருப்பது தெரிந்தே கூவுகிறான்.

ஜூன் 20, வெள்ளி

மதுரை போய் வந்தோம். இவர் ரத்தமும் என் ரத்தமும் ஒரே வகை, மற்றப் பொருத்தமும் பரவாயில்லை. ஜாதகத்தில் பத்துக்கு ஏழு என்று சொல்லிக் கட்டிவைத்தார்கள். அது இப்போதுதான் நிரூபணமாகிறது என்றேன். இவர் சிரித்தார்.

டாக்டர் நஸ்ரீன் சின்ன வயதுக்காரர். எதையும் வேகமாகச் சொல்வதில்லை. என் பழைய ரிப்போர்ட்டுகளை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டே இருந்தார். ரத்தம் உறைய எடுக்கும் நேரம் என்று ஒரு வரி இருக்கும். எனக்கு எல்லா ரிப்போர்ட்டிலும் அது அதிகம். எல்லாவற்றிலும் பக்கத்தில் 'ஹெப்பாரின்' என்று யாரோ கிறுக்கிவிட்டிருக்கிறார்கள். ஹெப்பாரின் என்பது டயாலிசிஸ் மெஷினுக்குள் ரத்தம் கட்டியாகாமல் இருக்கப் போடுகிற மருந்து. அது கலந்தால் உறைய நேரமாகத்தானே செய்யும்.

ரத்தத்தை எங்கே எடுப்பார்கள் என்று கேட்டார். மெஷின் லைனில்தான் என்றேன். ஜெபராஜிடம் நான்தான் கெஞ்சுவேன். வாரத்தில் ஆறு முறை சாக்கு ஊசி மாதிரித் தடித்த ஊசி வாங்குகிறவளை ஏழாவதாக ஏன் குத்த வேண்டும்? லைனிலேயே எடுத்துக்கொள் தம்பி என்பேன். அவனும் பாவம் பார்த்து அப்படியே செய்வான். எங்கள் சென்டரில் எல்லோருக்கும் அப்படித்தான்.

டாக்டர் டயாலிசிஸ் இல்லாத இந்த நாளிலேயே, கை நரம்பில் புதிதாகக் குத்தி எடுக்கச் சொன்னார். எடுத்த பெண்ணுக்கு மூன்று தடவை தவறியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு சீலிங் ஃபேனைப் பார்த்தேன்.

ஜூலை 2, புதன்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஹெப்பாரின் இல்லாத ரத்தத்திலும் அந்த நேரம் அதிகமாகவே இருந்ததாம். அதனால் இன்னொரு பரிசோதனையும் செய்திருக்கிறார்கள். டாக்டர் ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே சொன்னார். கிருமி வந்தால் அடிப்பதற்காக உடம்பு தயாரிக்கிற பொருளுக்கு ஆன்டிபாடி என்று பெயர். என் உடம்பு அப்படி ஒன்றை என் மேலேயே ஏவிவிட்டிருக்கிறது. அது கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை உறைய விடாது. உடம்புக்குள்ளோ, உறையக் கூடாத இடத்தில் எல்லாம் உறையவைக்கும்.

"நீங்க தூங்குன தப்பு இல்லம்மா. உங்க ரத்தம்தான் ஃபிஸ்டுலாவ அடைச்சது. ரெண்டு தடவையும்" என்றார்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். மைனியின் முகம்தான் கண் முன் வந்தது.

டயாலிசிஸ் செய்கிறவர்களிடம் இது மற்றவர்களைவிட அதிகம் காணப்படுகிறதாம். சிலருக்கு நடுவில் வந்து தானே போய்விடும். அதனால் பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடியும் பார்த்துத்தான் உறுதி சொல்ல முடியும். சிலருக்கு இது ரொம்பக் காலம் முன்பே இருந்திருக்கும், கிட்னியின் சின்னச் சின்னக் குழாய்களை இதுவே அடைத்திருக்கவும் கூடும். அதற்குப் பிறகு அவர் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார். குழந்தைகள் எத்தனை?

இல்லை என்றேன். உண்டாகவே இல்லையா என்றார்.

நாலு வருஷமாக எத்தனை டாக்டரைப் பார்த்திருக்கிறேன். சுகர் கேட்டார்கள், பிரஷர் கேட்டார்கள், வலி மாத்திரை சாப்பிடுவாயா என்று கேட்டார்கள். கிட்னிக்காரியிடம் இதை யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. கிட்னிக்கும் அதற்கும் என்ன?

மூன்று தடவை உண்டானது, மூன்றும் தங்கவில்லை என்றேன். முதல் இரண்டும் மூன்றாம் மாதத்தில். மூன்றாவது ஏழாம் மாதத்தில், வயிற்றுக்குள்ளேயே.

டாக்டர், அதுவும் இதே ஆன்டிபாடியாக இருக்கலாம் என்றார். நஞ்சுக்கொடிக்குப் போகிற ரத்தம் உறைந்துபோயிருக்கும், நீங்கள் எதுவும் செய்யவில்லை, நீங்கள் எதைச் செய்யாமல் இருந்திருந்தாலும் அது போயிருக்கும் என்றார்.

"மூணாவதுக்கு அப்புறம் யாருமே ரத்தம் டெஸ்ட் பண்ணச் சொல்லலையா?" என்று டாக்டர் கேட்டார்.

இல்லை என்று அடித்துச் சொன்னேன்.

"சொன்னாங்க."

பக்கத்து நாற்காலியிலிருந்து இவர். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அன்றைக்கு நான் மயக்கத்தில் இருந்தபோது, பிரசவம் பார்த்த டாக்டரம்மா இவரை வராண்டாவுக்குக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். இவள் ரத்தத்தில் ஏதோ இருக்கிறது, அடுத்த பிள்ளைக்கு முன்னால் மதுரைக்குக் கூட்டிப்போய் ஒரு டெஸ்ட் எடுத்தே ஆக வேண்டும் என்று. இவர் எடுக்கவில்லை. என்னிடம் சொல்லவும் இல்லை. பதினேழு வருஷம்.

"அடுத்த பிள்ளையே வேண்டாம்னு நான் முடிவு பண்ணிட்டேன் மேடம். இவள இன்னொரு தடவ அப்படிப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. பிள்ளையே வேண்டாம்னு ஆன பெறகு அந்த டெஸ்ட் எதுக்குன்னு நினைச்சேன்."

டாக்டர் ரொம்ப மெதுவாகச் சொன்னார். "அது பிள்ளைக்கான டெஸ்ட் இல்லைங்க. அவங்களுக்கான டெஸ்ட்."

அப்போதே எடுத்திருந்தால் என் கிட்னி பிழைத்திருக்குமா என்று கேட்டேன். நிச்சயமாகச் சொல்ல முடியாது, தெரிந்திருந்தால் கவனித்திருப்போம் என்றார்.

பஸ்ஸில் என் பக்கத்தில் இடம் இருந்தது. இவர் கோவில்பட்டி வரைக்கும் நின்றுகொண்டே வந்தார்.

ஜூலை 3, வியாழன்

டயாலிசிஸ். இனிமேல் லைனில் ரத்தம் எடுக்க வேண்டாம் என்று ஜெபராஜிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டான். சொல்லவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

வீட்டில் பேச்சு இல்லை. சாப்பாடு தயார் என்பதைத் தட்டைச் சத்தமாக வைத்துத் தெரிவிக்கிறேன். இவர் சாப்பிட்டதைத் தட்டைக் கழுவித் தெரிவிக்கிறார்.

ரத்தத்தை இளக்குகிற புது மாத்திரை ஆரம்பித்திருக்கிறது. கீரை கூடாதாம். ஏற்கெனவே வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது, தக்காளி கூடாது. மிச்சம் இருப்பது சோறும் கோபமும்தான். இரண்டும் சாப்பிடுகிறேன்.

ஒன்றை எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் நெஞ்சு வெடித்துவிடும். மூன்றாவதற்குப் பிறகு இவர் ஹாலில் பாய் போட்டுப் படுக்க ஆரம்பித்தார். வெக்கையாக இருக்கிறது என்றார். மார்கழியிலும் வெக்கை. நான் இன்னொரு தடவை பார்ப்போம் என்று கேட்டபோதெல்லாம் பார்க்கலாம் பார்க்கலாம் என்றார். என்னைப் பார்க்கவே பிடிக்காமல் போய்விட்டது என்று நினைத்தேன். முப்பது வயதுக்காரி வேறு என்ன நினைப்பாள்? ஸ்கூட்டரில் பிரஸ்ஸுக்குப் போய்ப் போய்த்தான் பிள்ளையைக் கலைத்தாள் என்று மாமியார் தெருவுக்கே சொன்னார். இவர் ஒரு நாளும் ஆமாம் என்று சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை. இல்லை என்று சொல்ல இவர் கையில் ஒரு காரணம் இருந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார்.

நானும் அதை நம்பி என் ஸ்கூட்டரை விற்றேன்.

ஜூலை 20, ஞாயிறு

மைனி வந்தார். கருவாடு கொண்டுவந்து, அதை நான் சாப்பிடக் கூடாது என்று பிறகு நினைவு வந்து, பையைச் சுருட்டி வைத்துக்கொண்டார். எல்லாவற்றையும் சொன்னேன். சுருக்கிச் சொல்லவில்லை. ஆன்டிபாடி என்றால் என்ன என்று டாக்டர் போட்ட கோட்டையே போட்டுக் காட்டினேன்.

அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு, "அப்ப ஸ்கூட்டர் இல்லையா, ஆவுட?" என்றார்.

"இல்ல மைனி."

"படி ஏறுனது?"

"அதுவும் இல்ல."

எழுந்து போய் சிங்க்கில் கிடந்த பாத்திரம் முழுவதையும் விளக்கினார். சுத்தமாக இருந்ததையும் எடுத்து விளக்கினார். கிளம்பும்போது தன் தம்பியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

அறுவை சிகிச்சை இந்த மாதம் நடந்திருக்க வேண்டியது. இரண்டாவது டெஸ்ட் வரும் வரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

இன்று வாயைத் திறந்தேன். எனக்கு உங்கள் கிட்னி வேண்டாம் என்றேன். நான்கு வருஷம் முன்பு, என் கிட்னி போய்விட்டது என்று சொன்ன அன்றைக்கே, நான் அழுது முடிப்பதற்குள், நான் தருகிறேன் என்று சொன்னவர் இவர். அக்கம்பக்கத்தில் எல்லோரும் இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு அவசரம் எதற்கு என்று இப்போதுதானே தெரிகிறது.

"அன்னைக்கே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, அந்த டெஸ்ட்ட எடுக்காததாலதான்னு. இல்லையா?"

"சந்தேகம் இருந்துச்சு" என்றார்.

அந்தச் சந்தேகத்தையாவது டாக்டரிடம் சொல்லியிருந்தால் என் இரண்டு ஃபிஸ்டுலாவும் பிழைத்திருக்கும். அதையும் சொன்னேன். இவர் ஸ்டூல் போட்டு ஏறி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஃபேனைக் கழற்றித் துடைத்தார்.

ஆகஸ்ட் 28, வியாழன்

டயாலிசிஸ் நடுவில் நடுக்கம். கட்டில் ஆடுகிற அளவுக்கு. கழுத்துக் குழாயில் கிருமி. இவர் என் கால் இரண்டையும் பிடித்துக்கொண்டு நின்றார். பிடிக்க வேண்டாம் என்று சொல்லப் பல் ஒத்துழைக்கவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

வீடு. பழைய குழாயை எடுத்துவிட்டு மறு பக்கம் புதிது போட்டிருக்கிறார்கள். இன்னும் எத்தனை இடம் பாக்கி இருக்கிறது என்று ஜெபராஜிடம் கேட்டேன். அவன் பொய் சொல்லத் தெரியாத பையன். கழுத்தில் இந்தப் பக்கம் போனால் தொடையில் போடலாம் அக்கா என்றான். அதற்கும் பிறகு என்றேன். மெஷினைத் துடைக்கப் போய்விட்டான்.

செப்டம்பர் 24, புதன்

இரண்டாவது டெஸ்ட்டும் அதையே சொல்லிவிட்டது. முதல் தடவையைவிட அதிகம். தானாகப் போய்விடும் என்று ஒரு மூலையில் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன், ரிப்போர்ட்டைப் பார்த்ததும்தான் அது தெரிந்தது.

டாக்டர் நஸ்ரீன் எதையும் பூசி மெழுகவில்லை. புதுக் கிட்னியை வைத்தால் அதற்குள்ளும் ரத்தம் உறையலாம். ஆபரேஷன் மேஜையிலேயே உறையலாம், இரண்டு நாளில் உறையலாம். மருந்து கொடுத்துக்கொண்டே செய்வோம், பலருக்குக் கிட்னி நிலைத்திருக்கிறது, சிலருக்கு நிலைக்கவில்லை. வைக்காவிட்டால் குழாய் போட இடம் தீர்ந்துகொண்டே வரும். தீர்ந்த பிறகு டயாலிசிஸ் செய்ய வழி இருக்காது.

வேறு யாராவது தருவார்களா என்று கேட்டேன். இவர் பக்கத்தில் இருக்கும்போதே கேட்டேன். எனக்கு அப்பா அம்மா இல்லை, கூடப் பிறந்தவர்கள் இல்லை. அரசு வரிசையில் காத்திருக்கலாம், வருஷக்கணக்கில் ஆகும், உங்களுக்கு அவ்வளவு நேரம் இருக்கிறதா என்று தெரியவில்லை என்றார்.

பஸ் ஸ்டாண்டில் இவரிடம் சொன்னேன்.

"குடுக்கதுன்னா குடுங்க. வாங்கிக்கிடுதேன். ஆனா குடுத்துட்டா சரியாப் போச்சுன்னு நினைச்சிராதீங்க. கிட்னி வேற, அது வேற."

"சரி" என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "எனக்கும் அப்படித்தான் தெரியுது" என்றார்.

அக்டோபர் 10, வெள்ளி

உறுப்பு தானக் குழுவின் முன்னால் ஆஜர். ஏதாவது பணம் கைமாறுகிறதா, யாராவது மிரட்டுகிறார்களா என்று பார்க்கத் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள், வீடியோவும் எடுக்கிறார்கள். கல்யாண போட்டோ கேட்டார்கள். போட்டோவில் நான் இரண்டு ஜடையும் முழுக்கன்னமுமாக இருக்கிறேன். குழுவில் இருந்த அம்மா போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். போட்டோவில் இருப்பவள்தான் நானா என்று எனக்கே சந்தேகம்.

கடைசியில் இருவரையும் சேர்த்து உட்காரவைத்தார்கள். உங்கள் கிட்னி இரண்டே நாளில் வீணாகப் போகலாம் என்று தெரியுமா என்று இவரிடம் கேட்டார்கள். தெரியும் என்றார். தெரிந்தும் எதற்குத் தருகிறீர்கள்?

"ஒரு தடவ செய்யாம விட்டுட்டேன் சார். இன்னொரு தடவ விட முடியாது."

எதைச் செய்யாமல் விட்டீர்கள் என்று கேட்டார்கள். இவர் என்னைப் பார்த்தார். அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். அவர் சொல்வது உங்களுக்குப் புரிகிறதா, உங்களுக்குள் ஏதாவது பிரச்சினையா, இஷ்டப்பட்டுத்தான் தருகிறாரா? கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் நின்றுவிடும்.

இஷ்டப்பட்டுத்தான் தருகிறார், மற்றது வீட்டு விஷயம் என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

அக்டோபர் 28, செவ்வாய்

நாளைக்கு. கடைசி டயாலிசிஸ் என்று நர்ஸ் சொன்னாள். சொல்லாதே என்றேன்.

இவர் படுக்கை எனக்கு இரண்டு அறை தள்ளி. வயிற்றைச் சவரம் செய்துவிட்டிருக்கிறார்கள், கோழி உரித்த மாதிரி இருக்கிறது என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். ரொம்ப நாளைக்குப் பிறகு இவர் பேச்சுக்குச் சிரித்தேன். சிரித்ததில் எனக்கே கோபம் வந்தது.

அக்டோபர் 30, வியாழன்

நர்ஸ் எழுதக் கூடாது என்கிறாள். இரண்டு வரி.

கட்டிலில் தொங்குகிற பையில் சிறுநீர் நிறைகிறது. மூன்று வருஷமாக ஒரு சொட்டு இல்லாதவளுக்குப் பை பையாக நிறைகிறது. மஞ்சள் நிறத்தைப் பார்த்து அழுத பெண் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டேன். குடிங்க, எவ்வளவு வேண்டுமானாலும் குடிங்க என்றாள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நம்ப முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 31, வெள்ளி

காலையில் பை அப்படியே இருந்தது. நர்ஸ் குழாயை நீவிவிட்டாள். டாக்டர் ஓடி வந்தார். ஸ்கேன் பார்த்தார்கள். ரத்தம் போகவில்லை என்று யாரோ யாரிடமோ சொன்னது கேட்டது.

நவம்பர் 2, ஞாயிறு

எடுத்துவிட்டார்கள்.

நவம்பர் 3, திங்கள்

டாக்டர் நஸ்ரீன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாம் சொன்னார். மருந்து கொடுத்தும் உறைந்துவிட்டது. வெளியே எடுத்துப் பார்த்தபோது கறுத்திருந்ததாம். சொல்லும்போது அவர் கண் கலங்கியது. நான் அழவில்லை. அழுகை வருவதற்குள் ஒரு விஷயம் வந்து நின்றது. கிட்னி கொடுத்தவருக்குத் தெரியுமா?

தெரியாது என்று மைனிதான் சொன்னார். மூன்று நாளாக அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். கிருமி தொற்றும், யாரும் உள்ளே போகக் கூடாது, அவள் நன்றாக இருக்கிறாள், பை நிறைகிறது என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். அதற்கு அவர் வார்டு பையனுக்கு டீ வாங்கிக் கொடுத்தாராம்.

"இப்பந்தான் எந்திரிச்சு ரெண்டு எட்டு நடக்கான். தையல் பிரிக்கட்டும். வீட்டுக்குப் போய்ப் பக்குவமாச் சொல்லிக்கிடலாம். இப்பச் சொன்னா உடைஞ்சு போயிருவான், ஆவுட" என்றார்.

நியாயம்தான். நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தால் போதும். அவர் நிம்மதியாகச் சாப்பிடுவார், தூங்குவார். வெட்டுக் காயம் ஆறும். சரி மைனி என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அந்த வராண்டாவில் அவருக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். என்னை நினைத்துத்தான் சும்மா இருந்திருப்பார். இத்தனை மாதமாக எனக்கு அது விளங்கவில்லை. விளங்கியதும் பயந்துவிட்டேன், எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்று.

நர்ஸைக் கூப்பிட்டுச் சக்கர நாற்காலி கேட்டேன். மைனி கையைப் பிடித்தார். விடுவித்துக்கொண்டேன்.

அவர் கட்டிலில் சாய்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. வெளியே விட்டுட்டாங்களா என்றார். எழுந்திருக்கப் பார்த்து, விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். என் நாற்காலியில் பையைத் தேடினார். இல்லை.

"போச்சுங்க. வெள்ளிக்கிழமையே உறைஞ்சு போச்சு. எடுத்துட்டாங்க."

கையில் இருந்த இட்லித் துண்டு கையிலேயே இருந்தது. வாய் திறந்தபடி இருந்தது. அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை, மூன்று தடவையும் பார்த்ததில்லை. தையல் இழுத்து வலித்தது போலிருக்கிறது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதார். மைனி வாசலில் நின்று என்னை முறைத்தார். நாளைக்கு மறுபடியும் கழுத்தில் டயாலிசிஸ் என்பதையும் சொன்னேன், தொடையில்தான் இனி இடம் என்பதையும் சொன்னேன். எனக்குத் தெரிந்த எதையும் வைத்துக்கொள்ளவில்லை.

இட்லித் துண்டைத் தட்டில் வைத்துவிட்டுக் கேட்டார்.

"இப்பமே வந்து சொல்லணுமா, ஆவுட? நாளைக்குச் சொல்லிருக்கலாம்லா?"

"நம்ம வீட்டுல நாளைக்குன்னா பதினேழு வருஷம் ஆயிருதுங்க" என்றேன்.